இரு சிற்றூர்களும் ஒரு கடிகாரமும்

பொழுது வேறு, மணி வேறு. பொழுதைக் கதிரவன் அளக்கிறான். மணியை அரசாங்கம் வகுக்கிறது. இவ்விரண்டின் வேற்றுமையையும், அதனால் மக்கள் வாழ்க்கைக்கு விளைவதையும், மன்னார்க் கடலின் இரு மருங்கிலும் உப்பு விளைக்கும் இரு சிற்றூர்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். ஒன்று, திருச்செந்தூரை அடுத்த ஆறுமுகநேரி. மற்றொன்று, இலங்கையிற் புத்தளத்தை அடுத்த பாலாவி.

பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் செல்லும். ஆறுமுகநேரி ஏறக்குறைய 78 பாகை கிழக்கிலும், பாலாவி ஏறக்குறைய 80 பாகை கிழக்கிலும் உள்ளன. ஆதலின், பாலாவியில் உச்சிப்பொழுதாகி ஏழு நிமிடம் கழித்தே ஆறுமுகநேரியில் உச்சிப்பொழுதாகும். இயற்கை வகுத்த வேற்றுமை இவ்வளவே; நாழிகையில் மூன்றிலொரு பங்கும் இல்லை.

இனி, மனிதர் வகுத்ததைக் காண்போம். முற்காலத்தில் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் மணியே இந்திய இருப்புப்பாதைகளில் வழங்கிற்று. 1906-ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் கிரீனிச்சு மணிக்கு ஐந்தரை மணி முற்பட்ட நேரத்தை மேற்கொண்டன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இரு நாட்டுக் கடிகாரங்களும் ஒரு மணி முன்தள்ளியே ஓடின.

இவ்வொற்றுமை 1996-இல் முறிந்தது. மழை பொய்த்து நீர்மின்சாரம் குன்றவே, இலங்கை அரசு மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளிற்று. அக்டோபரில் அதில் அரைமணியைக் குறைத்தது. வடக்கே விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த பகுதிகளிலோ பழைய மணியே நீடித்தது. ஒரே தீவில் இரு மணிகள் வழங்கின. 2006 ஏப்ரலிலேதான் ஐந்தரை மணிக் கணக்கு மீண்டது.

இம்மாறுதல் யாரைத் தாக்கிற்று? உப்புப் பாத்தியை அன்று. உவர்நீர் வற்றுவது வெயிலாலும் காற்றாலுமே. அது சட்டத்தை அறியாது. ஆறுமுகநேரி அளங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை ஓயும். பொங்கல் கழிந்து பாத்திகள் மீண்டும் திருத்தப்படும். பாலாவியிலோ சித்திரையிலும் ஐப்பசியிலும் மழை வருதலால், இரு மழைகட்கும் இடைப்பட்ட வறட்காலங்களே உப்புக் காலங்களாம். வெயில் ஏறுமுன் உப்பை வாரிவிட விரும்பும் தொழிலாளிக்கு விடிவெள்ளியே மணி.

தாக்குண்டவர் பள்ளிச் சிறாரே. தை மாதத்தில் பாலாவியிற் கதிரவன் எழுவது நமது மணிக்கு ஏறக்குறைய ஆறரைக்கு. அந்நாள் இலங்கை மணிக்கோ அது ஏழு. ஏழரை மணிக்குத் தொடங்கும் பள்ளிக்கு ஆறரைக்கே புறப்பட்ட பிள்ளை இருளில் நடந்தது. கடலுக்கு இப்பாலுள்ள ஆறுமுகநேரிப் பிள்ளைக்கு அத்துன்பம் இல்லை. மின்சாரச் சிக்கனம் நன்றே. எனினும் அதன் விலையைக் கொடுத்தவர் அரசாங்கக் கணக்கில் இடம்பெறாத சிறுவர்.

மாணவ நண்பர்களே! சமமான தரையில் ஒரு கோலை நேரே நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் கணத்தைக் குறித்துப் பாருங்கள். ஆறுமுகநேரியில் அது, நாள்தோறும் சிறிது முன்பின்னாயினும், சராசரியாகப் பன்னிரண்டு மணி பதினெட்டு நிமிடத்திற்கு நிகழும். நமது மணி நமதூர்ப் பொழுதன்று. நாடு முழுதும் கூடி வாழ்தற்பொருட்டு நாம் இசைந்த உடன்படிக்கையே என்பது அப்போது விளங்கும். உடன்படிக்கையைத் திருத்துவோர், வைகறையில் முதலில் எழுவோரை முதலிற் கேட்பதே அறம்.