குரூப் எடுப்பதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை உன் அப்பா போனில் சொன்னபோது இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு நீ போனை வாங்கி, "எந்த குரூப் எடுத்தா நல்ல வேலை கிடைக்கும் அத்தை?" என்று கேட்டாய். இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. பொறுமையாகப் படி. படித்து முடித்ததும் அப்பாவிடமும் கொடு.

நீ கேட்டதற்கு நேரான பதில் யாரிடமும் இல்லை. இப்போது பிளஸ் ஒன் சேர்கிற பிள்ளை ஒரு வேலையில் உட்கார இன்னும் ஐந்தாறு வருஷமாவது ஆகும். அப்போது எந்தத் தொழிலுக்கு மவுசு இருக்கும் என்று இன்றைக்கு அடித்துச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஊகத்தைத்தான் சொல்கிறார்கள். நான் வேலையில் இருந்தபோதே ஒரு காலத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு அலைமோதினார்கள். சில வருஷத்திலேயே அந்தப் பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் சேர ஆள் இல்லை. ஆனால் வேறொரு கேள்விக்குத் துல்லியமான பதில் உண்டு: இந்த குரூப்பை எடுத்தால் எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் போகும்? இதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படிப்பின் தகவல் கையேட்டிலும் தகுதி இன்னதென்று அச்சடித்தே இருக்கிறது. முதலில் அதைப் பார்.

தமிழும் ஆங்கிலமும் எல்லாருக்கும் பொது. மீதி நான்கு பாடங்களைத்தான் குரூப் என்கிறோம். அந்த நான்கில் எது இல்லாவிட்டால் அதிக வழிகள் அடைபடும் என்றால், கணக்குதான். பி.இ., கட்டடக்கலை, பி.எஸ்ஸி. கணிதம் ஆகியவற்றுக்குக் கணக்கு வேண்டும் என்பது உனக்கே தெரியும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்கவும் பிளஸ் டூவில் கணக்கு படித்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் இளநிலைப் படிப்புக்கும் அப்படித்தான். தேசியப் பாதுகாப்பு அகாடமியின் தேர்வை 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெண்களும் எழுதுகிறார்கள். அதில் தரைப்படைக்கு எந்த குரூப்பும் போதும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் கட்டாயம். பதினைந்து வயதில் கணக்கு வாத்தியார்மேல் இருக்கிற பயத்துக்காக இத்தனையையும் விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிடிக்காமல் விடுவது வேறு, பயந்து விடுவது வேறு. உன்னுடையது எது என்று நீதான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனி. கணக்கும் இயற்பியலும் படித்தவர் பின்னாளில் உயிரியலுக்கோ பொருளாதாரத்துக்கோ வந்துசேர்வது நடக்கிறது. எதிர்த்திசையில் போவது ரொம்பச் சிரமம். சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வரை போனவர். 1976இல் அதை முடித்த கையோடு உயிரியல் கற்க மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேதியியலில்! உடலின் செல்களில் புரதம் தயாராகும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக. நீ எடுக்கும் குரூப் உன் ஆயுள் முழுமைக்குமான தீர்ப்பு இல்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். அப்பாவுக்கு இதை அழுத்திச் சொல்.

உங்கள் தெருவில் நடமாடும் சில தவறான எண்ணங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டுமானால் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பார்கள். இல்லை. நம் மாநிலத்தில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட் ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் சயின்ஸில் நீ நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அந்த 200இல் அது சேராது. உயிரியலும் சேராது. ஆகவே நான்காவது பாடத்தைக் கட் ஆஃபுக்காக எடுக்காதே, உனக்குப் பிடித்ததை எடு.

பயாலஜி என்றாலே நீட் என்பது இன்னொன்று. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் ஆகியவற்றுக்கு நீட் வேண்டும், உண்மை. ஆனால் கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகமும் அப்படியே. பி.எஸ்ஸி. நர்சிங்குக்கும் நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்தான். டாக்டர் ஆக முடியாவிட்டால் எல்லாம் போச்சு என்கிற பேச்சை நம்பி, உயிரியல் பிடித்த பிள்ளைகள் அதை விட்டு ஓடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இரண்டு பக்கமும் வழி இருக்கட்டும் என்று அப்பா பயோ மேத்ஸ் சொல்கிறார். அவர் எண்ணத்தில் நியாயம் உண்டு. இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் நான்கும் படித்தவருக்குத் தகுதிக் குறைவால் அடைபடும் வழி மிகக் குறைவு. அதன் விலையையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். நான்குமே கனமான பாடங்கள். உயிரியல் ஒன்றுதான் என்றாலும் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு தனிப் புத்தகங்கள், தேர்வில் தலைக்கு 35 மதிப்பெண். கணக்கு, உயிரியல் இரண்டிலும் மனம் போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல குரூப் கிடையாது. முடிவைத் தள்ளிப்போடுவதற்காக மட்டும் எடுப்பவருக்கு இரண்டு வருஷமும் மூச்சு முட்டும்.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் நடத்திய பாடத்துக்கு வருகிறேன். காமர்ஸ் குரூப்பை மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை உட்கார வைக்கும் இடமாக நம் பள்ளிக்கூடங்கள் ஆக்கிவைத்திருப்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களுக்கு ஃபர்ஸ்ட் குரூப், நடுவில் காமர்ஸ், கடைசியில் தொழிற்கல்வி என்று பிரிக்கிறார்கள். ஐந்து பாடங்களின் கூட்டுத்தொகை ஒரு பிள்ளைக்கு எது வரும் என்று எப்படிச் சொல்லும்? கணக்கில் 95 வாங்கிவிட்டு மற்றவற்றில் சறுக்கியவளும் எல்லாவற்றிலும் சீராக 75 வாங்கியவளும் அந்த வரிசையில் ஏறக்குறைய ஒன்றுதான்.

கணக்குப்பதிவியல் என்பது யோசிக்கத் தெரிந்தவர்களுக்கான படிப்பு. ஒரு மளிகைக் கடைக்காரர் கடனுக்குச் சரக்கு வாங்குகிறார். பணம் கைமாறவே இல்லை, ஆனாலும் இரண்டு கணக்குகள் மாறிவிட்டன. இதை முதன்முறை புரிந்துகொள்கிற பிள்ளையின் முகத்தை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். குறிப்பேட்டில் எழுதி, பேரேட்டுக்கு மாற்றி, இருப்பாய்வு தயாரிக்கிறாய். பற்றும் வரவும் சில ரூபாய் வித்தியாசத்தில் நிற்கின்றன. அந்தச் சில ரூபாய் எங்கே போனது என்று பக்கம் பக்கமாகத் திரும்பிப்போய்த் தேடுவதில் ஒருவருக்கு எரிச்சல் வரும், இன்னொருவருக்கு விடாப்பிடியான ஆர்வம் வரும். ஆர்வம் வருகிறவளை, மதிப்பெண் நிறைய இருக்கிறது என்பதற்காக வேறு குரூப்புக்குத் தள்ளுவது அநியாயம்.

இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளர் நம் தமிழ்நாட்டுப் பெண், ஆர். சிவபோகம். 1907இல் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் இறங்கி வேலூர்ச் சிறையில் இருந்தவர். 1933இல் கணக்கியல் தேர்வில் தேறினார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று விதி குறுக்கே நின்றது. அதை எதிர்த்து வழக்காடி வென்று தொழில் தொடங்கினார். இந்தப் பெயர் உன் பள்ளிக்கூடச் சுவரில் இருக்க வேண்டியது.

சி.ஏ. படிக்க எந்த குரூப்பும் தடை இல்லை. அறிவியல் படித்தவர்களும் வருகிறார்கள். முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வில் நான்கு தாள்கள்: கணக்குப்பதிவியல், வணிகச் சட்டம், கணிதமும் புள்ளியியலும் தர்க்கமும் சேர்ந்த ஒரு தாள், பொருளாதாரம். பத்தாவது முடித்ததுமே பதிவு செய்துகொள்ளலாம், பிளஸ் டூவுக்குப் பிறகுதான் எழுத முடியும். காமர்ஸ்தான் என்று நீ முடிவு செய்தால், உன் பள்ளியிலோ பக்கத்திலோ வணிகக் கணிதம் சேர்ந்த குரூப் இருக்கிறதா என்று கேள். அந்த மூன்றாவது தாளுக்கு அது அடித்தளம். பல கல்லூரிகளில் பி.சி.ஏ. சேரவும் உதவும்.

வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல், பொருளியல் குரூப் எடுப்பவளை ஊரே பரிதாபமாகப் பார்க்கும். சட்டப் படிப்புக்கு அது பொருத்தமான அடித்தளம் என்பதை அந்த ஊர் அறியாது. டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறவர்கள் பட்டம் வாங்கிய பிறகு இதே பாடப்புத்தகங்களைத் தேடி வாங்கிப் படிப்பதும் தெரியாது. தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களுக்கும் பொறியியலில் தனி இடங்கள் உண்டு. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். உனக்கு இவற்றில் நாட்டம் இருப்பதாகத் தெரியவில்லை, அதனால் இத்துடன் விடுகிறேன்.

அடைபடும் வழிகளைத் தெரிந்துகொண்ட பிறகும் இரண்டு மூன்று குரூப் மிஞ்சும். அதில் எது என்பதை ஒரு வாரம் செலவழித்துக் கண்டுபிடி. மாடிவீட்டு அக்காவிடம் பிளஸ் ஒன் புத்தகங்கள் இருக்கும், இல்லாவிட்டால் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாடத்துக்கு ஒரு அத்தியாயம் எடுத்து, பேனாவும் நோட்டுமாக உட்கார். வேதியியலில் மோல் கணக்கு பத்து போடு. கணக்கில் சார்புகள் பாடத்தின் முதல் பயிற்சியைச் செய். தாவரவியலில் ஒரு வகைப்பாட்டை மனப்பாடம் செய்து மறுநாள் பார்க்காமல் எழுது. எது சுவாரஸ்யம் என்று கேட்டுக்கொள்ளாதே. முதல் அரைமணி எல்லாமே சுவாரஸ்யமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் அதற்கே உரிய ஒரு சலிப்பு உண்டு. கணக்கின் சலிப்பு, விடை வராமல் ஒரே இடத்தில் நிற்பது. உயிரியலின் சலிப்பு, பெயர்களை மறுபடி மறுபடி படிப்பது. கணக்குப்பதிவியலில் சின்ன எழுத்துப்பிழைக்காக மொத்தத்தையும் திரும்பப் பார்ப்பது. வரலாற்றில் பக்கம் பக்கமாக எழுதுவது. எந்தச் சலிப்போடு உன்னால் இரண்டு வருஷம் குடித்தனம் நடத்த முடியும்? அந்தப் பாடத்தில்தான் நீ தேறுவாய்.

தோழி எடுக்கிறாள் என்று எடுக்காதே. உணவு இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமாக, நீ எடுக்கப்போகும் குரூப்புக்கு உன் பள்ளியில் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் நடக்கிறதா என்று பிளஸ் டூ அக்காக்களிடம் விசாரி.

அப்பாவுக்கு ஒரு செய்தி. பாப்பாவின் மார்க்கைப் பார்த்துத் தனியார் பள்ளிகள் கட்டணச் சலுகையோடு கூப்பிடும். தம்பி, அவசரப்படாதே. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் கொண்டுவந்தார்கள். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அவள் அரசுப் பள்ளி மாணவி என்பதால் கிடைப்பது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குப் பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ் வழியிலேயே இருக்க வேண்டும். நடுவில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துவிட்டு முடிவு செய்.

பாப்பா, கடைசியாக ஒன்று. சில பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. பாரம் குறைந்தது நல்லதுதான், ஆனால் பிளஸ் ஒன் புத்தகத்தை நீயாகவே முழுதாகப் படித்தாக வேண்டும். நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் அதிலிருந்து நிறையக் கேட்கிறார்கள். பிளஸ் டூ நுண்கணிதமும் அதன்மேல்தான் நிற்கிறது.

சேர்ந்த பிறகு ஒத்துவரவில்லை என்று தோன்றினால் மறைக்காதே. முதல் சில வாரங்களில், இடம் இருந்தால், தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து குரூப் மாற்றிக்கொள்ளலாம். காலாண்டுத் தேர்வு வரை தள்ளிவிட்டால் விட்டுப்போன பாடத்தைப் பிடிப்பது கஷ்டம். அப்பாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் எனக்கு போன் செய், நான் பேசிக்கொள்கிறேன். கணக்குப்பதிவியல் புத்தகத்தை மட்டும் அக்காவிடம் வாங்க வேண்டாம். என் பிரதியில் ஓரமெல்லாம் குறிப்பு எழுதிவைத்திருக்கிறேன், அதையே ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தை