பரண் யாருடையது? புதிய மான் வேட்டைக்காரர்களுக்குச் சில அறிவுரைகள்

இந்த நவம்பரில் முதன்முறையாகத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகவிருக்கும் இளையவர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் வேட்டையாடுவது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில். இங்கே தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி மான் வேட்டை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் வாங்குகிறார்கள். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். குறி பார்ப்பதும் துப்பாக்கியைக் கையாள்வதும் அங்கே கற்றுவிடலாம். விடியுமுன் இருட்டில் நடந்து உங்கள் பரணடிக்குப் போய்ச் சேரும்போது மேலே வேறொருவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? அதற்குப் பழகிய மனம் வேண்டும். அந்த மனத்தை இப்போதே பழக்கிக்கொள்ளத்தான் இந்த வார்த்தைகள்.

1. தகராறு ஏன் வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

காடு பரந்தது, ஆனால் மான் நடக்கும் வழி குறுகியது. இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த கணவாய், சதுப்புக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மரக்கூட்டம், ஓக் மரத்தடியில் கொட்டிக்கிடக்கும் காய்கள் என வெண்வால் மான் தேடி வருகிற இடங்கள் சிலவே. வரைபடம் படிக்கத் தெரிந்த எவருக்கும் அதே இடம்தான் கண்ணில் படும். ஆகவே உங்கள் இடத்தில் இன்னொருவரைக் கண்டால் அவர் உங்களிடமிருந்து திருடியதாக எண்ணாதீர்கள். நீங்கள் படித்த அதே தடத்தை அவரும் படித்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த எண்ணம் இருந்தால் பாதிக் கோபம் வராது.

2. பொது நிலத்தில் எந்த இடமும் யாருக்கும் சொந்தமில்லை.

தேசிய வனம், மாநில வனம், கவுண்டி வனம் ஆகிய மூன்றும் எல்லோருக்கும் பொது. பத்து ஆண்டு ஒரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாலும் பதினோராவது ஆண்டு முதலில் வந்தவருக்கே அந்த இடம். பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் வேட்டை விதி இதைப் பட்டென்று சொல்கிறது: பொது நிலத்தில் ஆளில்லாமல் இருக்கும் நிலையான பரண், கட்டியவருக்கு உரியதல்ல, யாரும் பயன்படுத்தலாம். விஸ்கான்சினில் மாநில இயற்கைவளத் துறையின் நிலங்களில், பொதுவாக அன்றன்று வேட்டை நேரம் முடிந்ததும் பரணைக் கழற்றி எடுத்துப்போக வேண்டும். 64-ஆம் நெடுஞ்சாலைக்கு வடக்கே மட்டும், செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை, பெயர் முகவரி அல்லது வாடிக்கையாளர் எண் எழுதி விட்டுவைக்கலாம். அங்கே எழுதும் பெயர், பொருள் யாருடையது என்பதை மட்டுமே சொல்லும். அடியிலிருக்கும் நிலத்துக்கு அது பட்டா ஆகாது. விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் கையேட்டை வாங்கி ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

3. சட்டம் விட்டாலும் அடுத்தவர் பரணில் ஏறாதீர்கள்.

ஆளில்லாத பரணில் ஏறச் சில இடங்களில் தடையில்லை. ஆனாலும் ஏறக் கூடாது என்பேன். ஒருவர் கோடையில் கொசுக்கடியில் நின்று, கிளை வெட்டாமல் பார்வை கிடைக்கும் மரத்தைத் தேடிக் கட்டியது அது. அந்த உழைப்பை மதிப்பது வேட்டைக்காரரின் குணம். இரண்டாவது காரணம் உங்கள் உயிர். மான் வேட்டையில் அதிகம் பேர் காயப்படுவது பரணிலிருந்து விழுந்துதான். வெயிலிலும் பனியிலும் கிடந்த வார் எவ்வளவு நைந்திருக்கிறது என்பது அதைக் கட்டியவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. உங்கள் சொந்தப் பரணிலும்கூட, தரையில் நிற்கும்போதே பாதுகாப்புக் கச்சையை மாட்டி, ஏறும்போதே மரத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியை மேலே போனபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள்.

4. எல்லை தெரியாமல் காலை வைக்காதீர்கள்.

விஸ்கான்சினில் தனியார் நிலத்துக்குள் நுழைய முன்னரே அனுமதி வேண்டும். வேலியோ அறிவிப்புப் பலகையோ இல்லாததால் அனுமதி இருக்கிறது என்று ஆகிவிடாது. நீங்கள் சுட்ட மான் காயத்தோடு அடுத்தவர் நிலத்துக்குள் ஓடி விழுந்தாலும் இதேதான்: உரிமையாளரிடம் கேட்டபிறகே உள்ளே போகலாம். வரி குறைப்புக்குப் பதிலாகப் பொதுமக்கள் வேட்டைக்குத் திறந்துவிடப்பட்ட தனியார் வனங்களும் இருக்கின்றன. எந்தத் துண்டு திறந்தது, எது மூடியது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கைப்பேசி வரைபடத்தில் சொத்து எல்லைகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. பக்கத்து நில உரிமையாளர்களை அக்டோபரிலேயே நேரில் பார்த்து, பெயர் சொல்லி, காயம்பட்ட மான் உள்ளே வந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று கேட்டு வையுங்கள். துப்பாக்கி இல்லாத கையோடு ஒருமுறை பேசிய மனிதர், நவம்பரில் உங்களுக்கு அந்நியராக இருக்கமாட்டார்.

5. ஒரே இடத்தை நம்பிப் போகாதீர்கள்.

குறைந்தது மூன்று இடம் பார்த்து வையுங்கள். காற்று வடமேற்கிலிருந்து வந்தால் ஒன்று, தெற்கிலிருந்து வந்தால் ஒன்று, இரண்டிலும் ஆள் இருந்தால் இன்னொன்று. மூன்றுக்கும் இருட்டில் போகும் வழியை முன்பே நடந்து பழகுங்கள். போக வேறு இடம் இல்லாதவர்தான் சண்டைக்கு நிற்பார். முதல் நாள் காட்டுக்குள் ஆள் நடமாட்டம் கூடும்போது, மான்கள் எல்லோரும் விரும்பும் இடத்தை விட்டு அடர்ந்த புதருக்கும் சதுப்புக்கும் நகரும். யாரும் சீந்தாத உங்கள் மூன்றாவது இடத்துக்கு அவை வந்து சேரவும் வாய்ப்பு உண்டு.

6. நேருக்கு நேர் சந்தித்தால் இப்படி நடந்துகொள்ளுங்கள்.

விளக்கை அணைக்காதீர்கள், நீங்கள் மனிதர் என்பது அவருக்குத் தெரியவேண்டும். ஒளியை அவர் முகத்தில் அடிக்காமல் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். துப்பாக்கி வாரில் தோளில் தொங்கட்டும். குழல் ஒருகணமும் அவர் பக்கம் திரும்பக் கூடாது. மெதுவான குரலில் காலை வணக்கம் சொல்லுங்கள். "நீங்கள் இங்கே இருப்பது தெரியாது, நான் வேறு பக்கம் போகிறேன், உங்களுக்கு எந்தத் திசை தொந்தரவில்லை?" என்று கேளுங்கள். அவர் சொன்ன திசையில் போங்கள். அவர் பார்வைக்கும் தோட்டா போகும் வழிக்கும் வெகுதூரம் விலகி உட்காருங்கள். ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை இது.

அது உங்கள் பரணாகவே இருந்தாலும், உங்கள் பெயர் அதில் எழுதியிருந்தாலும், அப்போது வாதாட வேண்டாம். அவரை இறங்கச் சொல்லிக் கீழே நிற்காதீர்கள். சுற்றிச் சுற்றி நடந்து மானை விரட்டாதீர்கள். சட்டப்படி வேட்டையாடுபவரை வேண்டுமென்றே தடுப்பது அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் குற்றம். வண்டி நிறுத்திய இடத்தில், பகல் வெளிச்சத்தில், துப்பாக்கிகள் உறையில் இருக்கும்போது பேசலாம். மேலே நீங்கள் உட்கார்ந்திருக்க, கீழே வருபவர் கத்தினாலும் இதே முறைதான். அவர் கத்தி முடிக்கட்டும். தணிந்து பதில் சொல்லுங்கள். அடங்கவில்லையென்றால் துப்பாக்கியைக் காலிசெய்துவிட்டு நீங்களே கிளம்புங்கள்.

7. 2004-ஐ மறக்காதீர்கள்.

2004 நவம்பர் 21, வேட்டைப் பருவத்தின் இரண்டாம் நாள். விஸ்கான்சினின் சாயர் கவுண்டியில், தனியார் நிலத்துப் பரண் ஒன்றில் அந்நியர் ஒருவர் இருப்பதை நிலத்துக்காரர்கள் கண்டார்கள். வெளியேறச் சொன்னார்கள்; வார்த்தை தடித்தது. ஆறு பேர் இறந்தார்கள், இருவர் காயமடைந்தார்கள். சுட்ட அந்த அந்நியர் லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் இனத்தவர். தன்னை இனம் சொல்லி ஏசினார்கள், முதலில் தன்னை நோக்கிச் சுட்டார்கள் என்று நீதிமன்றத்தில் அவர் சொன்னார். முதலில் சுட்டது அவரே என்றார்கள் உயிர் தப்பியவர்கள். 2005-இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஆயுள் முழுதும் சிறை. 2007 ஜனவரியில் இதே மாநிலத்தில் பெஷ்டிகோ அருகே அணில் வேட்டைக்குப் போன ஹ்மாங் வேட்டைக்காரர் ஒருவரை இன்னொரு வேட்டைக்காரர் கொன்றார், அவரும் தண்டிக்கப்பட்டார்.

நான் இதிலிருந்து உங்களுக்குச் சொல்வது இரண்டு. எல்லை மீறியவரைக் கண்டால் கூட்டமாகச் சூழாதீர்கள், ஏசாதீர்கள், வண்டி எண்ணைக் குறித்து, வேட்டை விதிகளைக் காக்கும் அதிகாரியான வார்டனை அழையுங்கள். அத்துமீறல் அபராதத்தில் தீரக்கூடிய குற்றம்; அதை உயிர்ப்பிரச்சினை ஆக்காதீர்கள். அடுத்தது, முகத்தையும் பேச்சையும் வைத்து ஒருவரை வெளியாள் என்று முடிவுகட்டாதீர்கள். உங்களைப் போலவே உரிமம் வாங்கி, உங்களைப் போலவே ஆரஞ்சு உடை போட்டு வந்தவர் அவர். பொதுக் காட்டில் உள்ளூராரின் உரிமையும் அவர் உரிமையும் ஒன்றே.

8. ஒரு மானுக்கு இருவர் உரிமை கேட்டால் விட்டுக்கொடுக்கத் தயாராக இருங்கள்.

நீங்கள் சுட்டீர்கள், மான் ஓடியது, அடுத்த மேட்டிலிருந்தவர் சுட்டு வீழ்த்தினார். யாருடையது? இது பழைய வழக்கு. 1805-இல் நியூயார்க் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நரி வந்தது. போஸ்ட் என்பவர் நாய்களோடு துரத்திக்கொண்டிருந்த நரியை, பியர்சன் என்பவர் குறுக்கே வந்து கொன்று எடுத்துப்போனார். துரத்துவதால் மட்டும் விலங்கு சொந்தமாகாது, அதைப் பிடித்திருக்க வேண்டும், அல்லது தப்ப முடியாதபடி காயப்படுத்தியிருக்க வேண்டும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மாறுபட்ட நீதிபதி லிவிங்ஸ்டன், இதையெல்லாம் வேட்டைக்காரர்களே தங்கள் வழக்கப்படி தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதினார். இன்றும் சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கிற வழக்கு அது.

லிவிங்ஸ்டன் சொன்ன அந்த வழக்கம் எங்களிடம் இருக்கிறது: உயிர்போகும் காயத்தை முதலில் ஏற்படுத்தியவருக்கே மான். இருவரும் சேர்ந்து ரத்தத் தடத்தைப் பின்தொடருங்கள், காயங்களைப் பாருங்கள், நேர்மையாகப் பேசுங்கள். ஐயம் இருந்தால் கொடுத்துவிடுங்கள். அவர் சிறுவரோடு வந்திருந்தால் ஐயம் இல்லாவிட்டாலும் கொடுங்கள். அறுத்து இழுத்துப்போகக் கைகொடுங்கள்.

9. பரண் களவு போனாலும் வார் அறுந்தாலும் பழிவாங்காதீர்கள்.

வாரை அறுத்து வைப்பது, ஏணியின் திருகைத் தளர்த்துவது எல்லாம் குறும்பு அல்ல. கொலைக்குச் சமமான செயல். உங்களுக்கு அப்படி நடந்தால் எதையும் தொடாமல் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், வார்டனிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஏறுமுன்னும் வாரையும் படியையும் கையால் இழுத்துப் பாருங்கள். யார் செய்தது என்று ஊகித்து அவர் பரணுக்குப் போய் நிற்காதீர்கள். ஊகம் தவறானால் குற்றமற்றவர் ஒருவர் தவிப்பார். சரியானாலும் பகை அடுத்த தலைமுறைக்குப் போகும்.

10. சொந்த முகாமுக்குள் வரும் சண்டையே கடினமானது.

அண்ணன் தம்பி, மாமன் மருமகன் என்று ஒரே கூடத்தில் படுத்து எழுகிற குடும்ப முகாம்களில், தாத்தா உட்கார்ந்த பரண் யாருக்கு என்பது பல ஆண்டு மனக்கசப்பாக வளரும். வேட்டைக்கு முந்தைய இரவே எல்லோரும் உட்கார்ந்து முடிவெடுங்கள். முதல் நாள் நல்ல பரண் மூத்தவருக்கும் முதல்முறை வருபவருக்கும். மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். யார் எங்கே இருக்கிறார், எப்போது இறங்குவார் என்பதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சண்டை தவிர்வதோடு, யார் எந்தப் பக்கம் சுடக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

11. கடைசியாக ஒன்று.

விட்டுக்கொடுத்தால் கோழை என்பார்களோ என்று இளவயதில் மனம் குறுகுறுக்கும். ஆயுதம் இல்லாதவர் கோபப்பட்டால் குரல் உயரும், மீறினால் கை ஓங்கும். ஆயுதம் ஏந்தியவருக்கு அந்த அளவு கோபத்துக்கும் உரிமை கிடையாது. துப்பாக்கியைத் தோளில் மாட்டும்போதே அந்த உரிமையை நீங்கள் வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். எனவே காட்டில் விலகிப் போவதே திறமையின் முதல் அடையாளம். இடம் போனால் நாளை வேறு இடம் கிடைக்கும். மான் போனால் அடுத்த நவம்பரில் வேறு மான் வரும். உங்களோடு காட்டுக்குள் போன ஒவ்வொருவரும், உங்களுக்குப் பெயர் தெரியாத அந்த மனிதரும்கூட, அன்று மாலை தன் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்குத் துணைநிற்பவரையே நான் நல்ல வேட்டைக்காரர் என்பேன்.