பந்துவீச்சாளர் தேர்வுக்கு எக்செல்

காரைக்குடிப் பையன்களின் பந்துவீச்சைத் தேர்வுக்கு முன் ஒப்பிட நான் எக்செல்லைத்தான் பயன்படுத்துகிறேன். பெயர், பந்துகள், ரன்கள், விக்கெட்டுகள், யார்க்கர்கள் என 5 நெடுவரிசைகள் அமைத்துக் கொள்ளுங்கள். ஓவர்களை டைப் செய்ய வேண்டாம். 3.4 என்றால் நமக்கு 3 ஓவர், 4 பந்து. எக்செல்லுக்கோ அது வெறும் தசம எண். 22 பந்துகளில் 22 ரன் கொடுத்தவரின் எக்கானமி 6. அந்த 22 ரன்னை 3.4-ஆல் வகுத்தால் 6.47 வரும், பையன் பட்டியலில் கீழே போய்விடுவான், வாய்ப்பும் போய்விடும். எனவே ரன்களைப் பந்துகளால் வகுத்து 6-ஆல் பெருக்குங்கள். வைடு, நோபால் பந்துக் கணக்கில் சேராது; ரன் சேரும்.

யார்க்கருக்குத் தனி நெடுவரிசை எதற்கு? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2016 டி.என்.பி.எல். போட்டிகளில் யார்க்கர்களால்தான் கவனிக்கப்பட்டார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் அவரது அடிப்படை விலை ரூ.10 லட்சம், போனது ரூ.3 கோடிக்கு! ஒரே ஆட்டத்தை வைத்து யாரையும் நீக்கிவிடாதீர்கள்.