ஓட்டு ரகசியம்



எங்கள் வகுப்பில் தலைவர் தேர்தல் நடந்தது. கை தூக்கித்தான் ஓட்டு. நான் நினைத்தது ஒருவனை, கை தூக்கியது இன்னொருவனுக்கு. ஏன்னா, அவன் என் பெஞ்சு. திரும்பித் திரும்பி என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான்!

வீட்டில் இதைச் சொன்னேன். உடனே பாட்டி, "எனக்கும் அதே பயந்தான் கண்ணு. யாருக்குக் குத்துனோம்னு தெரிஞ்சிடும்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டார். சமூக அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வாக்குச்சாவடியில் நடப்பது என்ன?

1. முதல் அலுவலர் வாக்காளர் பட்டியலில் நம் பெயரைச் சரிபார்ப்பார்.

2. இரண்டாமவர் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார். பதிவேட்டில் கையெழுத்து அல்லது கைநாட்டு வாங்கிக்கொண்டு சீட்டு கொடுப்பார்.

3. மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு, தன் முன்னால் உள்ள கருவியில் பொத்தானை அழுத்துவார். ஒரே ஒரு ஓட்டுக்கு மட்டும் இயந்திரம் தயாராகும்.

4. அட்டை மறைப்புக்குள் நாம் தனியாகப் போய் நீலப் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துப் பெட்டியில், நாம் தேர்ந்தெடுத்த சின்னம் அச்சடித்த சீட்டு 7 விநாடி தெரிந்து உள்ளே விழும். 'பீப்' சத்தம் கேட்கும்.

நல்லா கவனிங்க. பதிவேட்டில் நாம் வந்தது இருக்கும், யாருக்கு ஓட்டு என்பது இருக்காது. இயந்திரத்தில் ஓட்டு இருக்கும், நம் பெயர் இருக்காது!

சட்டம் சொல்வது

யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ரகசியத்தை வெளியிடும் தேர்தல் பணியாளருக்கு 3 மாதம் வரை சிறை உண்டு. இவை 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் உள்ளன.

முன்பெல்லாம் 'யாரும் வேண்டாம்' என்பவர், அதை அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். அப்போ ரகசியம் போச்சே! அதனால்தான் 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 'நோட்டா' பொத்தான் வந்தது.

ரகசியம் எதுக்கு?

பணம் கொடுத்தவராலும் மிரட்டியவராலும் நம் ஓட்டைக் கண்டுபிடிக்க முடியாது. மறைப்புக்குள்ளே கூலிக்காரரும் முதலாளியும் சமம்.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். "அப்படின்னா இனிமே என் மனசுக்குப் பட்டவங்களுக்குத்தான்!" என்று சிரித்தார்.

வகுப்பாசிரியருக்குப் பணிவான வேண்டுகோள்: ஐயா, அடுத்த தலைவர் தேர்தலில் சீட்டில் எழுதி, மடித்து, பெட்டியில் போடலாமா?



- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்