துருவக் கரையில் ஒரு நாள்

அண்டார்க்டிகாவுக்குச் செல்லும் ஆய்வுப் பயணக் கப்பல்களை நாம் இன்பச் சுற்றுலாவின் வரிசையில் வைத்தே பேசி வருகிறோம். அப்பயணத்தில் கரையிறங்கும் நாள் ஒன்றினை அணுகி நோக்குவோமாயின், காட்சியைவிடக் கட்டுப்பாடே அந்நாளில் மிகுதி என்பது விளங்கும்.

அர்ஜென்டினாவின் உசுவாயாத் துறைமுகத்தினின்று புறப்படும் கப்பல், கொந்தளிப்புக்குப் பெயர்பெற்ற டிரேக் நீரிணையை ஏறத்தாழ இரண்டு நாளில் கடந்து அண்டார்க்டிகத் தீபகற்பத்தை அடையும். டிசம்பர்த் திங்களில் அங்கு இரவென்பது பெயரளவே; நள்ளிரவிலும் வானில் ஒளி நிற்கும். ஆதலின் ஒலிபெருக்கியில் எழும் பயணத் தலைவரின் குரலே பயணியர்க்கு விடியல். இன்ன விரிகுடாவில் இறங்குவோம் என முதல்நாள் அவர் கூறியது, காற்றுத் திரும்பினாலும் பனிப்பாளங்கள் வழியை அடைத்தாலும் மாறிவிடும்.

கரையிறங்குமுன் நிகழ்வதே நம் கருத்தை ஈர்ப்பது. பயணியர் தம் மேலாடை, பை ஆகியவற்றின் மடிப்புகளைத் தூசி உறிஞ்சும் கருவியால் துப்புரவு செய்கின்றனர். ரப்பர்க் காலணிகளைக் கிருமிநாசினி நீரில் தோய்க்கின்றனர். ஒரு புல்விதைக்கு அஞ்சி இத்துணைப் பாடா என வினவலாம். போலந்து நாட்டின் ஆர்க்டோவ்ஸ்கி ஆய்வு நிலையத்தருகே 1985இல் அயல்நாட்டுப் புல்வகையொன்று முளைத்திருக்கக் கண்டனர். மனிதர்வழி வந்த அப்புல்லைக் களைய ஆண்டுக்கணக்கில் முயல வேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் நச்சுயிரியும் அப்பெருநிலத்தில் உறுதி செய்யப்பட்டது. பறந்து திரியும் பறவைகள் அந்நோயைச் சுமப்பதை யாரும் தடுக்க இயலாது; மனிதர் அதனைப் பரப்பலாகாது. இதனாலேயே கரையில் அமர்வதும், மண்டியிடுவதும், பையைத் தரையில் வைப்பதும் விலக்கப்பட்டுள்ளன.

சிறு ரப்பர்ப் படகுகளில் கரை சேர்ந்ததும் முதலில் எதிர்கொள்வது நாற்றம். வண்ணப் படங்களில் அது வாராது! இறால் போன்ற கிரில் எனும் சிற்றுயிரைத் தின்னும் பென்குவின்களின் எச்சத்தால் பனியே செந்நிறம் ஏறியிருக்கும். அவற்றினின்று ஐந்து மீட்டர் விலகி நிற்றல் வேண்டும். அவை நடந்து நடந்து பனியில் அமைத்த தடத்தில் கால் வைத்தல் கூடாது. பறவை வந்தால் மனிதன் வழிவிட வேண்டும். மென்பனியில் கால் புதைந்து குழி விழுந்தால் அதனை மூடிவிட்டே செல்ல வேண்டும். குட்டைக்கால் பென்குவின் அதில் விழுந்தால் ஏறமாட்டாது. இவ்விதியை வகுத்தவர் பறவையின் கண்ணால் நிலத்தைப் பார்த்தவர் என்றே நாம் கருதுகிறோம்.

1991இல் கையொப்பமான மாட்ரிட் உடன்படிக்கை அக்கண்டத்தை அமைதிக்கும் அறிவியலுக்கும் உரிய இயற்கைக் காப்பிடமாக அறிவித்தது. ஒரே நேரத்தில் ஓரிடத்தில் நூறு பயணியர்க்கு மேல் இறங்கலாகாது. ஐந்நூறு பேர்க்கு மேல் ஏற்றிய கப்பல் எவரையும் இறக்கலாகாது. 1966இல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் அழைத்துச் சென்றோர் ஐம்பத்தெழுவர். 2022-23 பருவத்திலோ பயணியர் தொகை ஒரு இலட்சத்தைக் கடந்தது. ஒரு கரைக்கு இத்தனை பேர் என வரையறுத்தவர்கள், ஒரு பருவத்துக்கு இத்தனை பேர் என வரையறுத்திலர். இது பெருங்குறை என்பதே நம் துணிபு.

பிற்பகலில் படகுகள் பனிமலைகளினூடே செல்லும். கூனல் திமிங்கிலம் மூழ்குங்கால் மேலெழும் வாலின் அடிப்புறக் குறிகள் ஒன்றற்கொன்று வேறானவை. பயணியர் எடுத்த வால் படங்களை இரவில் திரட்டி ஆய்வாளர்க்கு அனுப்புகின்றனர். முன்பு வேறொரு கடலில் காணப்பட்ட அதே திமிங்கிலம் இதுவென அவற்றைக் கொண்டு அடையாளம் காண்கின்றனர்.