மந்தைவெளி: பெயரில் மட்டும் மிஞ்சிய மேய்ச்சல் நிலம்

மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளி நம்மில் பலர் தினமும் கடந்து போகும் இடம். மந்தை மேய்ந்த வெளி என்று அதன் பெயரே சொல்கிறது. இன்று அங்கே ரயில் நிலையம் உண்டு, மேய்ச்சல் இல்லை. ஊர்ப் பொதுச்சொத்து எப்படி நிலைக்கிறது, எப்படிக் கைநழுவுகிறது என்பதே இம்மாதப் பாடம்.

இஸ்லாத்துக்கு முன் அரபுத் தலைவர்கள் நல்ல புல்வெளிகளைத் தங்கள் மந்தைக்கென்று வளைத்து, மற்றவர்களைத் தடுத்தார்கள். அதற்கு 'ஹிமா' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அந்தத் தனியுரிமையை ஒழித்தார்கள். அதன்பின் ஹிமா பொதுநலனுக்கு மட்டுமே என்றானது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு ஹிமாவுக்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக்கினார்கள். சில ஒட்டகங்களும் ஆடுகளும் மட்டுமே உள்ளவரை உள்ளே விடும்படியும், செல்வந்தர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளைத் தவிர்க்கும்படியும் அவருக்குச் சொன்னார்கள். அவ்விருவரும் மதிப்பு மிக்க ஸஹாபாக்கள். ஆனால் அவர்களின் கால்நடை மடிந்தாலும் தோட்டம் இருக்கிறது. ஏழையின் மந்தை அழிந்தால் அவர் பிள்ளைகளோடு வந்து நிற்பார். அன்று பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இன்று புல்லும் தண்ணீரும் கொடுப்பது எளிது. இந்தச் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது.

நம் கிராமங்களின் மேய்ச்சல் நிலம் அரசுப் பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஏறியது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 அதன் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஊராட்சியிடம் தந்தது. பதிவேடு இருந்தும் காவல் இல்லாத இடங்களில் ஆக்கிரமிப்பு புகுந்தது. பஞ்சாபில் ஊர்க் குளம் ஒன்றை வளைத்தது தொடர்பான ஜக்பால் சிங் வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம், பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அத்தீர்ப்பு குறிப்பிடும் பொதுநில வகைகளில் புறம்போக்கும் மந்தைவெளியும் உண்டு.

இன்று நம்மிடம் மந்தை இல்லை. கப்ருஸ்தானும் வக்ஃப் கடைகளும் இருக்கின்றன. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்போம்:

1. இடத்தின் அளவும் எல்லையும் ஆவணத்தில் உள்ளபடி தரையிலும் இருக்கின்றனவா?

2. பதில் சொல்லும் பொறுப்பு யாருடையது? நிர்வாகம் மாறும்போது ஆவணங்களும் முறையாக ஒப்படைக்கப்படுகின்றனவா?

3. பலன் முதலில் யாருக்குப் போகிறது? வசதியுள்ளவர் பழைய குறைந்த வாடகையில் கடையை வைத்திருக்க, ஆதரவற்ற பெண்ணின் உதவி மனு காத்திருக்கிறதா?

மூன்றாவது கேள்வியைக் கேட்கத்தான் தைரியம் அதிகம் வேண்டும். உமர் (ரலி) அவர்கள் ஹுனைக்குச் சொன்னதும் அதைத்தான்.