மலைமுகட்டுச் சோலைப் பறவைகள்

'ஷோலிகோலா' என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில் மட்டுமே வாழும் சிறு பறவைப் பேரினம் ஒன்றின் அறிவியற்பெயர். 2017ஆம் ஆண்டு சூட்டப்பெற்ற இப்பெயரின் முற்பகுதி 'சோலை' என்னும் தமிழ்ச்சொல்லின் வழி வந்தது. பிற்பகுதி 'வாழ்வது' எனப் பொருள்படும் இலத்தீன் ஒட்டு. பெயர் மிகப் பொருத்தமானது. சோலையின் நிழலைவிட்டு அப்பறவை அரிதாகவே நீங்குகிறது.

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறு டிகிரி செல்சியஸ் குறையும். மரங்கள் குட்டையாகும், பூச்சிகளின் வகை மாறும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை இரயில் சில மணிநேரத்தில் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தைக் கடக்கிறது. சமவெளிப் பறவைகள் பல அவ்வழியின் இடையிலேயே நின்றுவிடுகின்றன. வேறு பறவைகள் தொடங்குகின்றன. குளிர் மட்டும் இவ்வெல்லைகளை வகுப்பதில்லை. இரை, கூடு கட்டும் இடம், போட்டியிடும் பிற பறவைகள் ஆகியனவும் வகுக்கின்றன.

இவ்வெல்லைகளின் வலிமையைப் பாலக்காட்டுக் கணவாய் காட்டுகிறது. சிறகுடைய உயிருக்கு முப்பது கிலோமீட்டர் அகலம் ஒரு பொருட்டா எனத் தோன்றலாம். ஆயினும் முகட்டின் குளிருக்கும் நிழலுக்கும் பழகிய பறவைக்குத் தாழ்ந்த வெப்பநிலம் கடலுக்கு நிகர். எனவே கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் ஷோலிகோலா, விலாவில் செம்பழுப்பு நிறங்கொண்ட தனியினம். தெற்கே ஆனைமலையிலும் பழனிமலையிலும் வாழ்வது நீலச்சாம்பல் விலாவுடைய மற்றோர் இனம்.

புவி வெப்பமடையும்போது மலைப்பறவைகள் குளிர்ச்சியை நாடி மேலேறுகின்றன. மலையோ மேலே செல்லச் செல்லக் குறுகுவது. முகட்டில் இருப்பவை எங்கே ஏறும்? தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலுள்ள பான்டியகொல்யா மலைத்தொடரில் 1985இல் பறவைகள் கணக்கெடுக்கப்பட்டன. 2017இல் அதே சரிவில் மீண்டும் ஆய்வு நிகழ்ந்தது. இடைக்காலத்தில் வெப்பம் அரை டிகிரிக்கும் குறைவாகவே உயர்ந்திருந்தது. எனினும் பறவைகள் பல மேலேறியிருந்தன. முன்னர் முகட்டில் இயல்பாகக் காணப்பட்ட சில இனங்கள் அங்கே தென்படவே இல்லை.

நம் மலைகளில் வெப்பம் வருமுன்னரே இடம் சுருங்கத் தொடங்கிவிட்டது. சோலைகளுக்கு இடையே விரிந்த புல்வெளிகளில் தேயிலையும் தைலமரமும் சீகைமரமும் நடப்பட்டன. சீகை தானாகவும் பரவுகிறது. திறந்த புல்வெளியிலேயே இரைதேடித் தரையில் கூடுகட்டும் நீலகிரி நெட்டைக்காலிக்கு, மரமடர்ந்த சரிவு வாழிடமாவதில்லை.